சக்கரம் முழுசாக நிற்கட்டும்: பொங்கோல் சாலைகள், அன்றும் இன்றும்

சிங்கப்பூரின் பொங்கோலில் எந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தை எடுத்துக்கொண்டாலும், வெளியே வரும் வழி ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். தடுப்புக் கம்பி உயரும். ஒரு வேகத்தடை. கம்பத்தில் ஒரு குவிந்த கண்ணாடி. தரையில் கனமான வெள்ளைக் கோடு, ஓரத்தில் நிற்கச் சொல்லும் எட்டு மூலைச் சிவப்புப் பலகை. கோட்டைத் தாண்டியதும் நடைபாதை, பல இடங்களில் அதையொட்டிச் சைக்கிள் பாதை, அதற்கப்புறம்தான் சாலை. காலையில் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பும் நேரத்தில் அந்த வாயிலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். கோட்டுக்கு முன் முழுசாக நிற்கிற கார்கள் குறைவு. மற்றவை வேகத்தைக் குறைக்கும். ஓட்டுநரின் தலை வலப்பக்கம் ஒருமுறை திரும்பும். சக்கரம் உருண்டுகொண்டே இருக்கும். அப்படியே கார் இடப்பக்கம் வளைந்து சாலையில் கலந்துவிடும்.

"யாருமே வரலையே, எதுக்கு நிக்கணும்?" என்று கேட்பார்கள். கேட்பவர்கள் பொறுப்பற்றவர்கள் அல்லர். பலர் இருபது, முப்பது ஆண்டுகளாக ஒரு கீறல்கூட இல்லாமல் கார் ஓட்டியவர்கள். ஆனாலும் அவர்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பலகை இருக்கும் இடத்தில் சக்கரம் அசையாமல் நின்றாக வேண்டும், பாதி நிற்பதெல்லாம் நிற்பதில் சேராது என்பது என் உறுதியான எண்ணம். பொங்கோல் எப்படி இருந்தது, இன்று எப்படி ஆகியிருக்கிறது என்று யோசிக்க யோசிக்க அந்த எண்ணம் வலுப்படுகிறது.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பொங்கோல் என்றால் கிட்டத்தட்ட ஒரே சாலைதான். மேல் சிராங்கூன் சாலையிலிருந்து பிரிந்து வடக்கே கடல்வரை ஓடிய பொங்கோல் சாலை. அதிலிருந்து கிளை பிரியும் மண்பாதைகள், கம்பத்து வீடுகள், பன்றிப் பண்ணைகள், கோழிப் பண்ணைகள், காய்கறித் தோட்டங்கள். கடல்முனையில் படகுத்துறையும் கடலுணவுக் கடைகளும். ஞாயிற்றுக்கிழமை நண்டு சாப்பிடக் குடும்பத்தோடு கிளம்பி வந்தவர்கள் நகரத்தில் நிறையப் பேர் உண்டு.

அதற்கும் முன்னால், 1928-இல், வில்லியம் பசாப்பா என்ற இந்திய வம்சாவளி நிலவுடைமையாளர் தம் விலங்குகளை எல்லாம் பொங்கோலுக்குக் கொண்டுவந்து கடலோரத்தில் ஒரு விலங்குக் காட்சிசாலை நடத்தினார். அதுவரை சிராங்கூன் சாலை 317-ஆம் எண் வீட்டில்தான் அவர் புலியும் குரங்கும் பறவையும் வளர்த்துக்கொண்டிருந்தார். இன்று தேக்காவிலிருந்து வடகிழக்கு ரயில் பாதையில் ஏறிப் பொங்கோலில் இறங்குகிறவர்கள், அவருடைய கூண்டுகள் போன திசையில்தான் போகிறார்கள். போர் வந்தபோது அந்தக் காட்சிசாலை மூடப்பட்டது.

அன்றைய சாலையைப் பற்றி ஒன்றைக் கவனிக்க வேண்டும். வண்டி வருவதைக் கண்ணுக்கு முன்னால் காது சொல்லிவிடும். டீசல் லாரியின் இரைச்சல், பன்றிகளை ஏற்றிவரும் வண்டியாக இருந்தால் காற்றில் வரும் நாற்றம், மண்பாதையில் கிளம்பும் புழுதி என்று வருகிறவர் வருவதற்கு எத்தனையோ அடையாளங்கள் இருந்தன. சாலையில் வண்டிகளும் குறைவு. மண்பாதையிலிருந்து சாலைக்கு ஏறும் லாரி நிற்காமல் ஏறினாலும், பெரும்பாலான நாள்களில் அங்கே மோதுவதற்கு எதிரே எதுவும் இருந்திருக்காது. அதனால் அது பாதுகாப்பான காலம் என்று நான் சொல்லவில்லை. எழுபதுகளில் சிங்கப்பூர்ச் சாலைகளில் மாண்டவர்களை அன்றைய மக்கள்தொகையோடு சேர்த்துப் பார்த்தால் இன்றைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் 'காதால் கேட்டுக் கடந்துவிடலாம்' என்ற பழக்கம் பிறந்த காலம் அது. காலம் போய்விட்டது. பழக்கம் போகவில்லை.

நகரத்தில் நிறுத்தும் வேலையை அன்று ஆள்தான் செய்தார். முப்பதுகளின் படங்களில் சீக்கியக் காவலர்கள் முதுகில் பிரம்பால் பின்னிய நீண்ட சிறகு கட்டிக்கொண்டு நாற்சந்தியில் நிற்பதைப் பார்க்கலாம். வெயிலில் நாளெல்லாம் கையை நீட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே உடம்பைத் திருப்பினால் போதும், சிறகு எந்தப் பக்கத்தைத் தடுக்கிறதோ அந்தப் பக்கம் நிற்க வேண்டும். பிறகு இயந்திரம் வந்தது. சிங்கப்பூரின் முதல் தானியங்கிப் போக்குவரத்து விளக்கு 1948-இல் சிராங்கூன் சாலையும் புக்கித் தீமா சாலையும் சந்திக்கும் இடத்தில், அதாவது நம் தேக்கா முனையில்தான், பொருத்தப்பட்டது. இந்த ஊரில் தானியங்கி விளக்கைப் பார்த்து வண்டியை நிறுத்தப் பழகிய முதல் சந்திப்பு நாம் மல்லிகைப்பூ வாங்கப் போகிற தெருவின் வாயிலில் இருந்தது என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் செய்தி.

விளக்குக்கு மரியாதை வந்த கதை வேறு. 1983-இல் ஓட்டுநர்களுக்குக் குற்றப்புள்ளி முறை தொடங்கியது. 1986-இல் சிவப்பு விளக்குக் கேமராக்கள் வந்தன. இன்று சிவப்பில் கடந்தால் 12 புள்ளிகள், காருக்கு 400 வெள்ளி அபராதம். இரண்டு ஆண்டுகளுக்குள் 24 புள்ளி சேர்ந்தால் உரிமம் இடைநிறுத்தப்படும். ஆகவே சிவப்பு விளக்கில் எல்லாரும் நிற்கிறோம். நள்ளிரவில், ஈ காக்கை இல்லாத சந்திப்பிலும் நிற்கிறோம். "யாருமே வரலையே" என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

எட்டு மூலைப் பலகைக்குப் பின்னால் அப்படிக் கேமரா இல்லை. பச்சையாக மாறி 'இனிப் போகலாம்' என்று அது சொல்லவும் செய்யாது. நின்றோமா, எப்போது கிளம்பலாம் என்ற இரண்டையும் ஓட்டுநரே முடிவுசெய்ய வேண்டும். சாலை விதிகளிலேயே ஓட்டுநரின் சொந்த மனசாட்சியை இவ்வளவு நம்பி வைக்கப்பட்ட பலகை வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் அது மீறப்படும்போது எனக்கு இவ்வளவு வருத்தம்.

பொங்கோலுக்குத் திரும்புவோம். பன்றி வளர்ப்பைப் படிப்படியாக நிறுத்துவதென்று 1984-இல் அரசு முடிவெடுத்தது. 1990 வாக்கில் கடைசிப் பண்ணைகளும் மூடின. 1996-இல் அன்றைய பிரதமர் கோ சொக் டோங் 'பொங்கோல் 21' திட்டத்தை அறிவித்தார். ஆசிய நிதி நெருக்கடியில் வேலை தடைப்பட்டு, பல ஆண்டுகள் காலி நிலத்துக்கு நடுவே சில புளோக்குகள் மட்டும் நின்றன. 2003-இல் வடகிழக்கு ரயில், 2005-இல் இலகு ரயில். 2007-இல் திட்டம் புதுப்பிக்கப்பட்டது. 2011-இல் 4.2 கிலோமீட்டர் நீளப் பொங்கோல் நீர்வழி திறக்கப்பட்டது. 2020 கணக்கெடுப்பின்போது இங்கே குடியிருந்தோர் 170,000-க்கும் மேல். 2024 டிசம்பரில் பொங்கோல் கோஸ்ட் நிலையம் கடலோரத்துக்கே ரயிலைக் கொண்டுபோய்விட்டது.

ஆண்டுகளை அடுக்கிவிட்டேன். ஆனால் என் விஷயத்துக்கு முக்கியமானது கட்டடங்களின் எண்ணிக்கை அல்ல, அவை கட்டப்பட்ட விதம். இளம் குடும்பங்களுக்கான நகரம் இது. பள்ளிகளும் பாலர் பள்ளிகளும் புளோக்குகளுக்கு நடுவிலேயே இருக்கின்றன. நடப்பதற்கும் சைக்கிள் ஓட்டுவதற்கும் பாதைகள் தாராளமாகப் போடப்பட்டிருக்கின்றன. தாத்தா தள்ளுவண்டியில் பேரப்பிள்ளையை வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார். உணவு விநியோகிப்பவர் மின்சைக்கிளில் விரைகிறார். பள்ளிச் சீருடையில் ஒரு பையன் முதுகுப்பையோடு சைக்கிள் மிதிக்கிறான். இந்தப் பாதைகள் பெரிய சந்திப்புகளில் விளக்கோடு சாலையைக் கடக்கின்றன. அங்கே கவலை குறைவு. ஆனால் கார் நிறுத்துமிட வாயில்கள் எல்லாம் இதே பாதைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டுதான் சாலைக்கு வருகின்றன. அங்கே விளக்கு இல்லை. பலகைதான்.

இன்னொரு மாற்றம் சத்தம். 2025-க்குள் எல்லா வீவக கார் நிறுத்துமிடங்களிலும் மின்னூட்டி அமைக்க முதலில் தேர்ந்தெடுத்த எட்டு நகரங்களில் பொங்கோலும் ஒன்று. 2024-இல் சிங்கப்பூரில் புதிதாகப் பதிவான கார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று மின்சாரக் கார். அது வாயிலை நோக்கி உருண்டு வருவது நடைபாதையில் இருப்பவருக்குச் சரியாகக் கேட்பதில்லை. கேட்கும் அளவுக்கு இருந்தாலும் அவர் காதில் இயர்போன். சைக்கிள் வருவதோ கண்ணாடி ஏற்றிக் குளிரூட்டி போட்டிருக்கும் ஓட்டுநருக்குக் கேட்காது. பழைய பொங்கோலில் இரு தரப்பையும் காப்பாற்றிய காது, புதிய பொங்கோலில் இரு தரப்புக்கும் உதவுவதில்லை.

மிச்சம் இருப்பது கண். உருண்டுகொண்டே பார்க்கும் கண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்?

மணிக்கு 10 கிலோமீட்டர் என்பது ஓட்டுநருக்கு ஊர்வதாகத் தெரியும். உண்மையில் அது விநாடிக்கு 2.8 மீட்டர். தலையை ஒரு பக்கம் திருப்பி மீட்பதற்குள் கார் நடைபாதையின் அகலத்தை விழுங்கிவிடும். சைக்கிள் பாதையில் அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர், விநாடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். வலப்பக்கம் பார்த்த இரண்டு விநாடிக்குள் இடப்பக்கமிருந்து ஒரு சைக்கிள் 14 மீட்டர் நெருங்கிவிடுகிறது. இடப்பக்கம் திரும்பப் போகிற ஓட்டுநருக்குச் சாலையில் கார் வருவது வலப்பக்கத்திலிருந்துதான். எனவே அவர் கண் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. பாதையிலோ இரு பக்கமிருந்தும் ஆள் வருவார்கள். கார் வரவில்லை என்று உறுதியான அதே கணத்தில் அவர் கால் பிரேக்கிலிருந்து எடுபடுகிறது. இடப்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை.

இதைவிட ஆபத்தானது காரின் தூண். முன்கண்ணாடியின் இரு ஓரமும் கூரையைத் தாங்கும் தூண்கள் இப்போது தடித்துவிட்டன. கவிழ்ந்தாலும் கூரை நசுங்காமல் இருக்கவும், உள்ளே காற்றுப்பை வைக்கவும் அந்தத் தடிமன் தேவை. உள்ளே இருப்பவரின் உயிரைக் காக்கும் அதே தூண் வெளியே இருப்பவரை மறைக்கிறது. காரும் சைக்கிளும் ஒரே புள்ளியை நோக்கி, மோதும்படியான கணக்கில் நகர்ந்தால், ஓட்டுநரின் கண்ணுக்கு அந்தச் சைக்கிள் இருக்கும் கோணம் மாறாது. முதல் கணத்தில் தூணுக்குப் பின்னால் இருந்தவர், கடைசிக் கணம்வரை தூணுக்குப் பின்னாலேயே இருந்துவிடலாம். ஓட்டுநர் பார்த்திருப்பார், மனமறிந்து பொய் சொல்ல மாட்டார், ஆனாலும் "எங்கிருந்து வந்தாரென்றே தெரியவில்லை" என்பார். கார் முழுசாக நின்றுவிட்டால் அந்தக் கணக்கு உடைகிறது. சைக்கிள் மட்டும் நகர்கிறது. தூணின் மறைவிலிருந்து அது வெளியே வந்தே ஆக வேண்டும். வேகத்தைக் குறைப்பது இந்த வேலையைச் செய்யாது, ஏனென்றால் மெதுவாக உருளும் காருக்கும் மெதுவாக வரும் பாதசாரிக்கும் அதே கோணம் அமையலாம். நின்றால் மட்டுமே தூண் தோற்கும். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

சைக்கிள்காரர்கள் மட்டும் ஒழுங்கா என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. 2019 பிப்ரவரி முதல், சாலையைக் கடக்கும் இடத்தில் சைக்கிளோ மின்ஸ்கூட்டரோ ஓட்டுபவர்கள் நின்று, வண்டி வருகிறதா என்று பார்த்து, பிறகே கடக்க வேண்டும் என்று விதி வந்தது. நடைபாதை வேகமும் 15-லிருந்து 10 கிலோமீட்டராகக் குறைந்தது. அதே ஆண்டு நவம்பரில் மின்ஸ்கூட்டர்கள் நடைபாதையிலிருந்தே விலக்கப்பட்டன. எல்லாரும் கேட்டு நடக்கிறார்களா என்றால் இல்லை. அவர்களையும் நான் கண்டிக்கிறேன். ஆனால் சைக்கிள்காரர் தவறினால் பெரும்பாலும் அடிபடுவது அவரே. ஓட்டுநர் தவறினாலும் அடிபடுவது சைக்கிள்காரர்தான். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு தரப்பு கொஞ்சம் கனமானது. அமெரிக்காவில் தெருவுக்குத் தெரு இந்தப் பலகையை நட்டு, தேவையில்லாத இடத்தில் எல்லாம் நிற்கச் சொல்லி, கடைசியில் யாருமே அதை மதிக்காத நிலை வந்துவிட்டது என்று அங்குள்ள பொறியாளர்களே குறைப்பட்டுக்கொள்கிறார்கள். ஐடஹோ மாநிலம் 1982-லேயே சைக்கிள்காரர்கள் நிற்காமல், வழிவிட்டுப் போனால் போதும் என்று சட்டம் செய்தது. இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் அது பலகையை எங்கே வைக்க வேண்டும் என்பது பற்றிய வாதம். சிங்கப்பூர் பிரிட்டிஷ் வழியில் வந்த ஊர். இங்கே வழிவிடச் சொல்லும் தலைகீழ் முக்கோணப் பலகை தனியாக இருக்கிறது. எதிரே தெரிகிற இடத்தில் அது போதும், அங்கே உருண்டு போகலாம். இரண்டு பலகைகள் இருக்கும்போது, எட்டு மூலைப் பலகையை முக்கோணமாக நினைத்துக்கொள்ளும் உரிமை நமக்குக் கிடையாது.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து பொங்கோலில் குடியேறிய குடும்பங்கள் நிறைய. இந்திய உரிமத்தோடு வந்தவர்கள் 12 மாதத்துக்குமேல் இங்கே தங்கி ஓட்ட வேண்டுமானால், அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வு எழுதிச் சிங்கப்பூர் உரிமமாக மாற்றிக்கொள்ள வேண்டும். தேர்வில் இந்தப் பலகைக்கு விடை எல்லாருக்கும் தெரியும். கைப்பழக்கம்தான் ஊரிலிருந்து கூடவே வருகிறது. நம் ஊரில் குறுக்குத் தெருவிலிருந்து பெரிய சாலைக்கு ஏறுகிறவர் நிற்பதில்லை, ஹாரன் அடிப்பார். லாரிக்குப் பின்னாலேயே 'ஹாரன் அடிக்கவும்' என்று எழுதியிருக்கும். எதிரே தெரியாத மூலையில் அந்த ஒலிதான் அறிவிப்பு, அதை எல்லாரும் புரிந்துகொள்கிறார்கள், அதற்கென்று ஓர் ஒழுங்கும் இருக்கிறது. இங்கே ஹாரன் அடிப்பது வசவு மாதிரி. யாரும் அடிப்பதில்லை. ஹாரனையும் விட்டுவிட்டு, நிற்பதையும் பழகாமல் இருந்தால் அந்த மூலையில் மிஞ்சுவது என்ன? ஹாரன் "நான் வருகிறேன்" என்று சொல்கிறது. பலகையில் நிற்பவர் "நீங்கள் வாருங்கள்" என்கிறார். அந்த மாற்றத்தைக் கற்றுக்கொள்ள நம்மவர்களுக்குக் கொஞ்ச நாள் பிடிப்பதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

2023-இல் சிங்கப்பூர்ச் சாலைகளில் 136 பேர் மாண்டார்கள். 2024-இல் 142 பேர். உலக அளவில் இது குறைந்த எண்ணிக்கை என்று சொல்லலாம். சந்திப்புகளில் அதிகாரிகள் சும்மா இருக்கவில்லை. எதிரே வரும் வண்டியைப் பார்த்து ஓட்டுநரே தீர்மானித்து வலப்பக்கம் திரும்பும் முறை 2018-இல் ஓர் இளம் மாணவியின் உயிரைப் பறித்தது. அதன்பிறகு சந்திப்புகளில் சிவப்பு அம்பு விளக்குகள் வேகமாகப் பொருத்தப்பட்டன. அங்கே தீர்மானத்தை ஓட்டுநரிடமிருந்து எடுத்து விளக்கிடம் கொடுத்துவிட்டார்கள். ஆனால் ஒவ்வொரு கார் நிறுத்துமிட வாயிலிலும் விளக்கு வைக்க முடியுமா? அங்கே தீர்மானம் நம்மிடமே இருக்கப் போகிறது.

நம்மிடமே என்றா சொன்னேன்? பொங்கோலில் அதுவும் மாறுகிறது. 2025 செப்டம்பரில் நிலப் போக்குவரத்து ஆணையம் பொங்கோலில் ஓட்டுநரில்லா வாகனச் சேவைக்குக் கிராப் நிறுவனத்தையும் கம்ஃபர்ட்டெல்குரோ நிறுவனத்தையும் தேர்ந்தெடுத்தது. கிராப்போடு வீரைட், கம்ஃபர்ட்டெல்குரோவோடு போனி.ஏஐ என்ற இரு சீனத் தொழில்நுட்ப நிறுவனங்கள் சேர்ந்திருக்கின்றன. தொடக்கத்தில் உள்ளே பாதுகாப்புக்கு ஓர் ஆள் இருப்பார். புலிக்கூண்டும் பன்றி லாரியும் போன ஊரில் ஓட்டுநரில்லாத வண்டி வருகிறது.

அந்த வண்டி எட்டு மூலைப் பலகையில் என்ன செய்யும்? மனிதர் அதற்கு என்ன சொல்லிக் கொடுக்கிறாரோ அதைச் செய்யும். இதற்கு ஒரு முன்கதை உண்டு. அமெரிக்காவில் டெஸ்லா தன் சுயவோட்ட மென்பொருளில், நாற்சந்திப் பலகையில் சுற்றிலும் யாரும் இல்லையென்றால் மணிக்கு ஏறத்தாழ 9 கிலோமீட்டர் வேகம்வரை உருண்டபடியே கடக்கும் வசதியைச் சேர்த்திருந்தது. பிழையால் வந்ததல்ல, வேண்டுமென்றே வைத்தது. மனிதர்கள் அப்படித்தானே ஓட்டுகிறார்கள் என்ற கணக்கு. 2022 பிப்ரவரியில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் தலையீட்டால் 53,822 வாகனங்களிலிருந்து அந்த வசதி நீக்கப்பட்டது. நாலாபக்கமும் கேமரா வைத்த, களைப்பே இல்லாத இயந்திரத்துக்கே உருண்டு போக அனுமதி இல்லை என்றால், பின்னிருக்கையில் பிள்ளை அழ, கைப்பேசி ஒலிக்க, பாதித் தூக்கத்தில் வாயிலுக்கு வருகிற நமக்கு எந்த அடிப்படையில் அனுமதி?

விதியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றும் வண்டி நம்மோடு ஒரே வரிசையில் வரத் தொடங்கிவிட்டால், அது கோட்டுக்கு முன் நிற்கும்போது பின்னால் நாமும் நிற்க வேண்டியிருக்கும். இரண்டு விநாடியோ மூன்று விநாடியோ அதிகமாகும். அந்த வண்டி பாதையில் வரும் சைக்கிளைக் கண்டுபிடித்துக் காத்திருக்கலாம், நம் இருக்கையிலிருந்து அந்தச் சைக்கிள் தெரியாமலும் போகலாம். இப்போதே முழுசாக நிற்கிற மனித ஓட்டுநர்களுக்கும் பின்னாலிருந்து பொறுமையில்லாமல் விளக்கடிப்பவர்கள் உண்டு. முழுசாக நிற்பவர்கள் குறைவதற்கு அதுவும் ஒரு காரணம். பொங்கோல்வாசியாக நான் கேட்பது இதுதான்: நீங்கள் நில்லுங்கள், முன்னால் நிற்பவர் ஆளானாலும் இயந்திரமானாலும் அவரை நிற்க விடுங்கள், விளக்கை அடிக்காதீர்கள்.